அமுங்க மறுத்த கேக்

மூன்றாவது கேக்கும் எழும்பிவிட்டது.

அடுப்புக் கண்ணாடிக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த ரூனே அதை வெறுப்போடு பார்த்தார். நாளை அவருடைய அம்மா ஸ்வெயாவுக்குத் தொண்ணூறு வயது. கை நடுங்கத் தொடங்கியதிலிருந்து அம்மா மாவு கலப்பதில்லை. அவர் செய்த அதே கேக்கை ஒரு முறையாவது அவருக்கே செய்துகொடுக்க வேண்டும் என்பது மகனின் ஆசை. அம்மாவின் கேக்கில் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். பள்ளம் நிறைய ராஸ்பெர்ரி ஜாம் இருக்கும். லூலியோ ஊரில் வேறெந்த வீட்டிலும் அப்படியொரு கேக் கிடையாது.

அம்மா எழுதிவைத்திருந்த அட்டையில் அளவெல்லாம் இருந்தது. பள்ளத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"அத்தைக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்," என்றாள் மனைவி அன்னெலி.

"பிறந்தநாள் கேக்கை எப்படிச் செய்யறதுன்னு அவங்ககிட்டயே கேக்கறதா? இதுவும் ஒரு இயந்திரம்தான் அன்னெலி. முட்டையை அடிக்கறப்ப உள்ளே காத்து போகுது. சூட்டுல அந்தக் காத்து விரிஞ்சு மாவைத் தூக்குது. காத்தை வெளியேத்திட்டா தன்னால அமுங்கிரும், பாரு."

மாவு ஊற்றிய நான்காவது அச்சை மேசைமேல் நாலு தட்டு தட்டினார். பெரிய குமிழிகள்தான் உடைந்தன. சின்னக் குமிழிகள் ஒற்றுமையாக வேலை செய்து கேக்கை இன்னும் ஒரு விரல் உயர்த்தின.

ஐந்தாவதற்குச் சூட்டைக் குறைத்தார். அது அவசரமே இல்லாமல், கடை ஜன்னலில் வைக்கலாம் போலச் சமமாக எழும்பியது. ஆறாவது வேகும்போது அடுப்புக்குப் பக்கத்தில் நின்று குதித்தார். சண்டைக்கு வந்த கீழ்வீட்டுக்காரர் ஐந்தாவது கேக்கை வாங்கிக்கொண்டு சமாதானமாகப் போனார். ஆறாவது அசையவே இல்லை.

"முப்பத்தஞ்சு வருஷமா ஊர்ல உள்ள லிஃப்டை எல்லாம் ரிப்பேர் பண்ணி இறக்கறீங்க. ஒரு கேக்கை இறக்க முடியலையா?" என்றாள் அன்னெலி.

"லிஃப்டுக்குப் பொத்தான் இருக்கு."

முட்டை தீர்ந்துவிட்டது. நடுவில் தோண்டிவிடலாமா என்று கரண்டியை எடுத்தார். அம்மாவை ஏமாற்ற மனம் வரவில்லை. கரண்டியைக் கீழே வைத்தார்.

மறுநாள் காப்பி மேசையைச் சுற்றிக் குடும்பமே உட்கார்ந்திருந்தது. ரூனே கொண்டுவந்த கேக் டப்பாவை அக்கா மைவோர்தான் திறந்தாள்.

"என்னடா இது, தொப்பி மாதிரி நிக்குது? அம்மா கேக், அம்மா கேக்னு ஒரு வாரமா போன்ல பீத்திக்கிட்டியே. பள்ளம் எங்கே?"

யாரோ சிரித்தார்கள். ரூனேயின் காது சிவந்தது.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கேக்கின் உச்சியை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தார். அது அமுங்கி, மெதுவாக மேலே வந்தது. மறுபடியும் அழுத்திப் பார்த்தார்.

"மன்னிச்சிரும்மா," என்றார் ரூனே. "ஆறு தடவை செஞ்சு பாத்துட்டேன். உன் பள்ளம் எனக்கு வரவே இல்ல."

அம்மா ஒரு துண்டை நிதானமாக மென்று முடித்தார்.

"அது என் பள்ளமாடா? ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் அந்தப் பக்கம் திரும்பினதும் வெந்துருச்சா வெந்துருச்சான்னு நீ அடுப்பைத் திறந்து திறந்து பாத்ததுல விழுந்தது. நான் ஜாமைப் போட்டு மூடினேன்."