திரு. செலோ அவர்களின் திடீர் மறைவு

எங்கள் வட்டார இசைக்குழுவைக் கலைத்துவிடலாம் என்று மேலிடம் முடிவு செய்தபோது, அதை மிகுந்த வருத்தத்தோடும் மூன்று பிரதிகளிலும் தெரிவித்தது. கருணை மிக்க மேலிடம் என்பதால் ஒரு வாய்ப்பும் கொடுத்தது. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, புகழ்பெற்ற விருந்தினர் ஒருவரை வைத்து, அரங்கம் நிரம்பக் கச்சேரி நடந்தால் குழு நீடிக்கும். நடக்காவிட்டால் நாற்பத்தோரு பேரும் குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவுக்கு மாற்றப்படுவோம். இருபது வருஷம் புல்லாங்குழல் ஊதிய மனிதர், குழாயில் காற்றுதான் வருகிறது என்று போனில் அழுகிறவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதை நினைத்துப் பாருங்கள்.

நான் குழுவில் முக்கோணம் என்கிற வளைத்த இரும்புக் கம்பியைத் தட்டுகிறவன். ஒரு கச்சேரிக்கு ஏழு தடவை 'டிங்' என்று ஒரு சத்தம். மீதி நேரம் சும்மாதானே இருக்கிறான் என்று யாரோ கண்டுபிடித்து, செயலாளர் வேலையையும் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

எங்கள் இசை நடத்துநர் அம்மாள், கையில் குச்சியை எடுத்தால் கோபத்தையும் சேர்த்து எடுக்கிறவர். அவர் எங்கெங்கோ கெஞ்சி, உலகப் புகழ்பெற்ற செலோ மேதை ஒருவரைச் சம்மதிக்க வைத்தார். செலோ தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: வயலின் வேளாவேளைக்குச் சாப்பிட்டு ஆள் உயரத்துக்கு வளர்ந்தால் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கும். உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி வாசிக்க வேண்டும். மேதை அதை விமானத்தில் மூட்டை முடிச்சுகளோடு போட மாட்டார். பக்கத்து இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார வைத்துத்தான் அழைத்து வருவார். அதற்குத் தனி டிக்கெட் வேண்டும். டிக்கெட்டுக்குப் பெயர் வேண்டும். 'திரு. செலோ' என்று பூர்த்தி செய்தேன். வயது கேட்டார்கள். அந்த செலோவுக்கு இருநூற்று எண்பது வயது. கட்டத்தில் இரண்டு இலக்கத்துக்குத்தான் இடம் இருந்ததால் எண்பது என்று போட்டேன். இதில் என் தப்பு எங்கே இருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

டிக்கெட் நகல் கலை வளர்ச்சி அலுவலகத்துக்குப் போனது. அங்கே இருந்த உதவி அதிகாரி, வருகிற விருந்தினர் இருவர் என்று பதிவு செய்தார். இரண்டு அறைகள், இரண்டு பூங்கொத்துகள், இரண்டு வரவேற்புரைகள். திரு. செலோ மூத்த குடிமகன் என்பதால் அவருக்கு மாடிப்படி இல்லாத கீழ்த்தள அறை.

விருந்தினர் விடுதியின் காப்பாளர் என் மனைவியின் அண்ணன். வெள்ளிக்கிழமை மதியம் மேதை வந்து இறங்கி மாடியில் முகம் கழுவப் போன நேரத்தில், மச்சான் பட்டியலைப் பார்த்தார். செலோவின் கறுப்புப் பெட்டியில் தொங்கிய பெயர்ச் சீட்டைப் பார்த்தார். பெட்டியைக் கீழ் அறைக் கட்டிலில் படுக்க வைத்து, போர்வை போர்த்தி, கதவைப் பூட்டினார்.

மூன்று மணிக்கு மேதை செலோவைக் கேட்டார். நான் மச்சானிடம் ஓடினேன்.

"மச்சான், கீழ் அறைச் சாவியைக் குடுங்க."

"அந்த அறை யார் பேர்ல இருக்கு, மாப்பிள்ளை?"

"திரு. செலோ பேர்ல."

"அப்ப அவர் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கட்டும்."

"அவர் உள்ளேதான் இருக்கார்."

"உள்ளே இருக்கறவருக்கு எதுக்குச் சாவி?"

"அது ஒரு வாத்தியம் மச்சான். நீங்கதானே தூக்கிட்டுப் போய்ப் படுக்க வச்சீங்க?"

"வச்சேன். பிரயாணக் களைப்புல அசையக்கூட முடியலை, பாவம். இங்க பாருங்க மாப்பிள்ளை, உறவு வேற, ரிஜிஸ்டர் வேற. என் தங்கச்சி வந்து கேட்டாலும் இதே பதில்தான்."

நடத்துநர் அம்மாளும் வந்து சேர்ந்தார்; உதவி அதிகாரியை வரவழைத்தோம். அவர் கதவைத் தட்டினார். மரியாதையாக மூன்று முறை கூப்பிட்டார். பதில் இல்லை. பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்தார். விருந்தினர் பதில் அளிக்காவிட்டால் மருத்துவர் முன்னிலையில் மட்டுமே கதவைத் திறக்கலாம் என்று பதினான்காம் பக்கத்தில் இருந்தது.

மருத்துவர் வந்தபோது மணி நாலரை. போர்வையை விலக்கி, பெட்டியைத் திறந்து, ஸ்டெதஸ்கோப்பை செலோவின் வயிற்றில் வைத்துக் கேட்டார். பிறகு தலையை ஆட்டினார்.

"துடிப்பு இல்லை. மூச்சு இல்லை. உடம்பு விறைச்சிருக்கு."

"அது மரம், டாக்டர்," என்றார் நடத்துநர் அம்மாள்.

"மேடம், நான் மனுஷங்களுக்கு டாக்டர். மரம்னா வனத்துறையைத்தான் கூப்பிடணும். அவங்க திங்கட்கிழமை வருவாங்க."

அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எங்கள் நாற்பத்தோரு குடும்பங்களும் அவர் முகத்தில் வந்து போயின.

"சரி, மனுஷன்தான்," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "உயிரோட இருக்கார்னு எழுதிக் குடுங்க."

"மனச்சாட்சிக்கு விரோதமா எழுத மாட்டேன். எண்பது வயசு. இயற்கை மரணம்."

சான்றிதழைப் படித்த உதவி அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. அரசு விருந்தினர் ஒருவர் மறைந்த நாளில் கச்சேரி வைப்பது மரபல்ல என்பதால், அதே அரங்கில் அதே நேரத்தில் இரங்கல் கூட்டம் நடைபெறும் என்று அங்கேயே உத்தரவு எழுதினார். கச்சேரி இல்லை என்றால் குழு இல்லை. புகார்ப் பிரிவின் தொலைபேசி அப்போதே என் காதில் அடிக்க ஆரம்பித்துவிட்டது.

"இரங்கல் கூட்டத்துல அஞ்சலியா ஏதாவது வாசிக்கலாமா சார்?" என்று கேட்டேன்.

"மறைந்தவருக்குப் பிடித்த இசைன்னா வாசிக்கலாம். என்ன பிடிக்கும்னு நெருங்கின ஆள் யாராவது சொல்லணும்."

அதுவரை சுவரில் சாய்ந்து நின்ற மேதை நிதானமாகச் சொன்னார். "நாற்பது வருஷமா என்கூடத்தான் இருக்கார். இன்னிக்கு நான் வாசிக்கறதா இருந்ததுதான் அவருக்கு ரொம்பப் பிடிக்கும்."

அதிகாரி அவர் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லிவிட்டு, 'உடனிருந்து பணிவிடை செய்தவர்' என்று குறித்துக்கொண்டார். உடலை அவரிடமே ஒப்படைக்க உத்தரவானது. மச்சான் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி பெட்டியை வாசல்வரை தூக்கி வந்தார்.

அரங்கம் நிரம்பியிருந்தது. மேடையில் நாங்கள் எப்போதும் கறுப்புதான் உடுத்துவோம் என்பதால் அலுவலகத்துக்கு மிகுந்த திருப்தி. திரு. செலோ காலமானார் என்று அறிவித்ததும் அறுநூறு பேரும் எழுந்து நின்றார்கள். யார் அந்த செலோ என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எங்கள் ஊரில் இசை தெரியாது என்று சொல்வதைவிட, காலையில் பல் தேய்க்கவில்லை என்று சொல்லிவிடலாம். இடைவேளையில் இரங்கல் புத்தகத்துக்கு நீண்ட வரிசை. ஒரு பேராசிரியர், 'அன்னாரை இருமுறை நேரில் கேட்டிருக்கிறேன். கடைசிக் காலத்தில் குரல் சற்றுத் தளர்ந்திருந்தது' என்று எழுதினார். என் மனைவி, 'எங்கள் கல்யாணத்துக்கு வந்து வாழ்த்தியவர்' என்று எழுதினாள். வீட்டில் ஒரு முக்கோணக்காரனை வைத்துக்கொண்டு எழுதினாள்.

பிறகு மேதை உட்கார்ந்து வாசித்தார். இதை மட்டும் நான் கிண்டல் செய்யப் போவதில்லை. யாரும் போனைத் தூக்கவில்லை, இருமவில்லை, நடுவில் கை தட்டவில்லை. சாவு வீட்டில் இருக்கிற மாதிரி உட்கார்ந்து முழுசாகக் கேட்டார்கள். என் ஏழு டிங்கில் இரண்டை நான் கோட்டைவிட்டேன். அழுதுகொண்டிருந்தேன்.

மறு வாரம் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. கச்சேரி நடக்காததால் குழுவைக் கலைத்திருக்க வேண்டும். ஆனால் அறுநூறு பேர் தனிப்பட்ட முறையில் அறிந்திருந்த ஒரு பெரியவருக்கு ஆண்டுதோறும் நினைவு விழா எடுப்பது அரசின் கடமை; அதற்கு ஓர் இசைக்குழு அவசியம். ஆகவே நாங்கள் இனி 'திரு. செலோ நினைவு இசைக்குழு'. சம்பளம் தொடரும். நடத்துநர் அம்மாள் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, பெயர்ப் பலகைக்கு ஆள் அனுப்பினார்.

முதலாம் ஆண்டு விழாவுக்கு மேதையே எழுதிக் கேட்டார். தன் வாழ்நாளில் அப்படிக் கேட்ட சபையைப் பார்த்ததில்லை, மறுபடி வந்து வாசிக்க ஆசை என்றார். எங்களுக்கும் ஆசைதான். அலுவலகம் எங்கள் கருத்தைக் கேட்டது. மேடையில் ஒரு செலோ வாசிக்கப்பட்டால், எந்த செலோ இறந்தது என்று யாராவது கேட்கக்கூடும். கேட்டால் நினைவு விழா போகும், குழுவும் போகும்.

கடைசியில் நான் பதிலைத் தட்டச்சு செய்தேன். 'தங்கள் வருகை எங்களுக்குப் பெருமை. எனினும் மறைந்த பெரியவரின் நினைவு நாளில் அந்த வாத்தியம் ஒலிப்பது அன்னாரை அறிந்தோர் மனத்தைப் புண்படுத்தும் என்பதால், தாங்கள் மட்டும் வரவும்.'

குழுவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். எங்களுக்கும் செலோ வாசிக்கிறவர்கள் நாலு பேர் உண்டு. முதல் நாலு கையெழுத்தும் அவர்களுடையதுதான்.