அர்கிரோவின் அடுப்பு

காலையில் சிஃபிஸ் எழுந்தான். ரப்பர் செருப்பை மாட்டினான். கொல்லையில் இருந்த சாண எரிவாயுத் தொட்டியின் வாயில் ஆலிவ் செக்கின் கறுப்புத் தண்ணீர் ஒரு வாளி, ஆட்டுப் புழுக்கை அரை வாளி கொட்டினான். கைப்பிடியைச் சுற்றிக் கலக்கினான். உள்ளே வந்து, காப்பிக் குவளையை அடுப்பில் வைத்து, தொட்டியிலிருந்து வரும் கேஸ் குழாயைத் திறந்து, தீக்குச்சி கிழித்தான். ஒரு வருஷமாக இதே வரிசை. குளியல் அந்த வரிசையில் இல்லை.

இன்று அடுப்பு பற்றவில்லை.

"அத்தை, அடுப்பு செத்துப்போச்சு."

மாமியார் பெலாகியா கொல்லை முற்றத்தில் உட்கார்ந்து, திவசத்துக்காகத் தட்டு நிறைய அவித்த கோதுமையில் மாதுளை முத்து கலந்து, மேலே சர்க்கரை தூவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "விறகுல போட்டா காப்பி என்ன கசாயமா ஆயிடும்?"

"இன்னைக்கா? அர்கிரோ என்ன சொல்லிட்டுப் போனா?"

பெலாகியா சர்க்கரையை இன்னும் கவனமாகத் தூவினாள்.

மனைவி அர்கிரோ இறந்து ஒரு வருஷம். ஆஸ்பத்திரியில் உயிர் போன நேரம் பார்த்து சிஃபிஸ் காப்பி வாங்கக் கீழே இறங்கியிருந்தான். பக்கத்தில் இருந்தது அவள் அம்மாதான். 'நம்ம தொட்டி அடுப்பு அணையக் கூடாது, அவர்கிட்ட சொல்லு' என்பது கடைசிச் சொல் என்று அடக்கம் முடிந்து அவள்தான் சொன்னாள். உயிரோடு இருந்தவரை அர்கிரோ அந்தத் தொட்டியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. அதனாலேயே அந்தச் சொல் அவனுக்குப் பெரிதாகிவிட்டது. இன்று வருஷத் திவசம். கோயில் முடிந்து ஊரே காப்பி குடிக்க வரும். அந்தக் காப்பி அந்த அடுப்பில்தான் கொதிக்க வேண்டும்.

தொட்டித் தண்ணீரில் சோதனைத் தாளை நனைத்தான். தாள் ரத்தச் சிவப்பானது.

"ஒரே புளிப்பு."

"என்னடா போட்ட?" என்றபடி பாதிரியார் ஸ்திலியானோஸ் உள்ளே வந்தார். திவசத் தட்டை எடுத்துப் போக வந்தவர். புது அங்கி போட்டிருந்தார்.

"நீங்க குடுத்ததைத்தான் சாமி. போன சனிக்கிழமை, செத்தவங்க ஆத்துமாக்கள் பூசை முடிஞ்சு மிஞ்சின கோதுமை. மந்திரிச்சது, குப்பையில போடக் கூடாது, உன் தொட்டியில போடுன்னீங்க."

"ஒரு தட்டு போடுன்னேன்."

"ஊருல எல்லார் வீட்டுத் தட்டும் வந்துச்சு சாமி. அத்தனை சர்க்கரை. உள்ள கேஸ் உண்டாக்குற பூச்சிக்கு வயித்துக் கோளாறு."

"அப்ப சோடா குடு," என்றார் பாதிரியார். "எனக்கு அதுதான் கேக்கும்."

யோசனை தப்பில்லை. அளவுதான் தப்பு. பெலாகியா ரொட்டி சுட வைத்திருந்த சமையல் சோடா முழுவதையும் சிஃபிஸ் கொட்டினான். தொட்டிக்குள் குடுகுடுவென்று சத்தம். தொட்டியின் அழுத்த மானி முள் துள்ளி ஏறியது.

"கேஸ் வந்துருச்சு!"

ஓடிப்போய்க் குச்சி கிழித்தான். அணைந்தது. இன்னொன்று. அதுவும். பாதிரியார் தன் மெழுகுவத்தியை நீட்டினார். அடுப்பு புஸ்ஸென்று அதையும் ஊதி அணைத்தது.

"அடுப்பாடா இது? தீயணைப்பு வண்டி."

"இது எரியிற கேஸ் இல்ல சாமி. சோடா புட்டி கேஸ்."

அதற்குள் தொட்டியின் கழிவுக் குழாயில் கறுப்பு நுரை பொங்கியது. முற்றத்தில் இறங்கி, திவசத் தட்டை நோக்கி நகர்ந்தது. பெலாகியா தட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

"நுரைக்கு எண்ணெய் ஊத்துனா அடங்கும்," என்றான் சிஃபிஸ்.

"அது இந்த வருஷத்து முதல் எண்ணெய் மாப்ள! விருந்தாளிங்களுக்கு!"

எண்ணெய்த் தகரம் காலியானது. நுரை அடங்கியது. மூவரும் மூச்சு விட்டார்கள்.

ஆனால் நுரை எண்ணெயால் அடங்கவில்லை. ஊறிப் பருத்த கோதுமை திரண்டு வந்து கழிவுக் குழாயை அடைத்திருந்தது. மானி முள் சுற்றிப் போய் ஓரத்தில் முட்டி நின்றது.

"அது ஏன் நடுங்குது?" என்று பாதிரியார் தொட்டி மூடிக்கு மேல் குனிந்தார்.

"சாமி, அங்க போகாதீங்க—"

மூடி ஆலிவ் மரத்துக்குப் போனது. மற்றதெல்லாம் பாதிரியாருக்கு வந்தது. தாடியில் மாதுளை முத்து ஒட்டியிருந்தது. அவர் கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டார்.

"ஆத்துமாக்கள் திரும்பி வந்துட்டாங்க," என்றார்.

கோயில் மணி அடித்தது. சிஃபிஸ் கறுப்புச் சேற்றில் முழங்காலிட்டு, இரண்டு கையாலும் அள்ளித் தொட்டிக்குள் திரும்பப் போட ஆரம்பித்தான்.

"விடுங்க மாப்ள."

"அவ கேட்டது ஒண்ணே ஒண்ணு அத்தை." அள்ளினான். ஒழுகியது. மறுபடி அள்ளினான். அடக்கத்தன்றுகூட அழாதவன் இப்போது மூக்கை உறிஞ்சினான். "அதைக்கூட என்னால..."

பெலாகியா தட்டைத் தலையிலிருந்து இறக்கிப் பாதிரியார் கையில் கொடுத்தாள்.

"அவ அப்படிச் சொல்லல."

சிஃபிஸின் கை நின்றது.

"அடக்கம் முடிஞ்சு நீங்க கட்டில்ல விழுந்தவரு, எந்திரிக்கவே இல்ல. தண்ணிகூடக் குடிக்கல. காலையில எந்திரிக்க ஏதாவது ஒரு வேலை வேணும்ல? தினமும் தீனி கேக்கிறது இந்த வீட்டுல அந்தத் தொட்டி ஒண்ணுதான். அதான் அவ சொன்னதா நானே சொல்லிட்டேன்."

பாதிரியார் சிலுவை போட்டுக்கொண்டார். கையில் தட்டு இருந்ததால் அரைச் சிலுவைதான் வந்தது.

"அப்ப," என்றான் சிஃபிஸ், "நிஜமா என்ன சொன்னா?"

பெலாகியா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் அவன் முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்கக் கறுப்பு பரவியது.

"'அம்மா, அந்த நாத்தம் புடிச்ச தொட்டிய யாருக்காவது தள்ளிவிட்டுட்டு, அந்த மனுசனை மொதல்ல குளிக்கச் சொல்லு.'"