திரைச்சீலைக் கம்பெனிக்கு ஒரு மேலாளர்

ஓய்வு பெற்ற மூன்றாம் நாள் காலை ஒன்பதே முக்காலுக்கு ஹெட்கிளார்க் ஒரு சபதம் எடுத்தார். தன் மனைவியின் தொழிலைத் தூக்கி நிறுத்தாமல் ஓய்வதில்லை.

அது ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தது. பாவம், அவருக்குத் தெரியாது. முப்பத்திரண்டு வருஷமாகக் காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பி, விளக்கு வைத்த பிறகு வீடு திரும்பிய மனிதர். நடுவில் வீட்டு முன்னறையில் என்ன நடக்கிறது என்று அவர் கேட்டதுமில்லை, யாரும் சொன்னதுமில்லை. அங்கே அவர் மனைவி பதினோரு வருஷமாக ஜன்னல் திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தாள். காலால் மிதிக்கிற ஒரு தையல் மெஷின், துணி வெட்ட ஒரு நீள மேஜை, சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட மாதிரித் துணிகள், தெருவைப் பார்த்த கதவு. அவ்வளவுதான் கம்பெனி. பெண்கள் வருவார்கள், துணியைத் தடவிப் பார்ப்பார்கள், ஜன்னல் அளவைச் சொல்வார்கள், கூடவே மாமியார் கதையையும் சொல்வார்கள். அளவு நோட்டில் ஏறும். கதை ஏறாது. எதிர்வீட்டு அக்கா பகலில் வந்து திரைச்சீலைக்கு வளையம் கோத்துக் கொடுத்துவிட்டுப் போவார்.

ஹெட்கிளார்க் ஒரு புத்தகம் வாங்கி வந்திருந்தார். வீட்டிலிருந்தபடியே தொழில் நடத்துவதற்கு யோசனை சொல்லும் புத்தகம். அதில் பாதியைப் படித்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டார்.

"வீட்டிலிருந்து தொழில் செய்றவங்க பண்ற முதல் தப்பு என்ன தெரியுமா?"

"தெரியாதுங்க."

"வீட்டிலிருந்து செய்றது!"

"வேற எங்கிருந்துங்க செய்யணும்?"

"வீட்டிலிருந்தேதான் செய்யணும். ஆனா அது வீடு மாதிரி இருக்கக் கூடாது. தனி இடம், குறிப்பிட்ட நேரம், எல்லாத்துக்கும் எழுத்துல ஆதாரம். இது மூணும் இருந்தா போதும், தொழில் எங்கயோ போயிடும்."

"எங்கங்க போகும்?" என்று அவள் கவலையோடு கேட்டாள். அந்தக் கேள்வியில் இருந்த ஞானம் அவருக்கு அப்போது புரியவில்லை.

மறுநாளே வேலை மளமளவென்று நடந்தது. சாப்பாட்டு மேஜை முன்னறை வாசலுக்கு வந்தது. வீட்டார் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடப் பழகிக்கொண்டார்கள், அதாவது அவரும் அவளும். மேஜைமேல் "மேலாளர்" என்று ஒரு பலகை. பக்கத்தில் தலையில் தட்டினால் டிங்கென்று அடிக்கும் மணி. பலகையில் இருந்த அதே வார்த்தைக்கு ஒரு முத்திரை, அதற்கு ஊதா மையில் ஒரு திண்டு. இவற்றுக்கெல்லாம் சிகரமாகப் பதினேழு கேள்விகள் கொண்ட விண்ணப்பப் படிவம்.

முதலில் மாட்டியவள் தெருக்கோடி வீட்டுப் பெண். இரண்டு தலையணை உறைக்கு வந்தாள். அரைமணி நேரம் எழுதிவிட்டுத் தலை தூக்கினாள்.

"சார், இந்தப் பதினாலாவது கேள்வி புரியலை. 'தற்போது தலையணை உறை உள்ளதா? இல்லையெனில் காரணம்.'"

"இல்லாததுக்கு ஒரு காரணம் இருக்கணுமில்ல?"

"கிழிஞ்சுபோச்சு சார்."

"கிழிஞ்சதைக் கொண்டுவந்தீங்களா? பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துடுவேன்."

"சார், நாளைக்கு விருந்தாளிங்க வர்றாங்க. கொஞ்சம் அவசரம்."

"பதினஞ்சாவது கேள்வி அதான். 'அவசரம் எனில் அத்தாட்சி.' அவங்க வர்றேன்னு ஏதாவது எழுதிக் குடுத்திருக்காங்களா?"

அந்தப் பெண் பேனாவை மூடி வைத்துவிட்டுப் போனாள். போனவள் போனவள்தான். மறுநாள் அவள் வீட்டு விருந்தாளிகள் எதில் தலை வைத்துப் படுத்தார்களோ தெரியாது.

இப்படியே இரண்டு வாரம் ஓடியது. மணி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறை அவர் அதைத் தட்டும்போதும் எதிர்வீட்டு அக்கா வளையம் கோப்பதை நிறுத்திவிட்டு, "ஐஸ் வண்டி வந்துடுச்சா?" என்று தெருவை எட்டிப் பார்ப்பார். அதில் ஹெட்கிளார்க்குக்கு உள்ளூர ஒரே எரிச்சல். அலுவலகமாக இருந்தால் இந்தம்மாளுக்கு என்றைக்கோ மெமோ கொடுத்திருப்பார்.

"என்னங்க, ரெண்டு வாரமா ஒருத்தரும் வரலையே" என்றாள் மனைவி.

"பாத்தியா? அதுக்குப் பேருதான் ஒழுங்கு. முன்னெல்லாம் எப்பப் பாரு கூட்டம்."

அவள் முழங்காலைத் தடவிக்கொண்டாள். பதினோரு வருஷம் மெஷின் மிதித்த கால். மோட்டார் வைத்த மெஷின் ஒன்று வாங்கிவிட வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு ஒரு வழி கண்ணுக்குத் தெரிந்தது. வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றில் மூன்று மாடிக்கும் திரைச்சீலை மாற்றப் போகிறார்கள். விடுதி வார்டனை ஒரு வருஷமாக விடாமல் பார்த்து, மாதிரித் துணி காட்டி, "நேர்ல வந்து பாத்துட்டுச் சொல்றேன்" என்ற அளவுக்குக் கொண்டுவந்திருந்தாள்.

வார்டன் வந்தார். அவள் நூல் வாங்கப் போயிருந்த சமயம் பார்த்து வந்தார். ஹெட்கிளார்க் படிவத்தை நீட்டினார். ஒரு ஜன்னலுக்கு ஒரு படிவம் என்று அறுபத்து நாலு படிவங்களை எண்ணி நீட்டினார். ஏழாவது படிவத்தில் மணி ஒன்றடித்தது. "உணவு இடைவேளை" என்ற அட்டையை மேஜைமேல் திருப்பி வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். திரும்பி வந்தபோது நாற்காலி காலி.

சாயங்காலம் போன் வந்தது. மனைவி மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டு பேசியது அவர் காதில் அரைகுறையாக விழுந்தது.

"மன்னிச்சுக்கங்கம்மா... ஆமாங்க, வாஸ்தவம்தான்... திங்கட்கிழமை பத்து மணிக்கா? கண்டிப்பா வாங்க... இல்லீங்க, அந்த ஆள் முன்னறையில இருக்கவே மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு."

போனை வைத்தவள் அவர் மேஜைக்கு எதிரே வந்து, விண்ணப்பதாரர் நாற்காலியில் அடக்கமாக உட்கார்ந்தாள். மணியைக்கூடத் தட்டினாள்.

"உங்ககிட்ட ஒரு யோசனை கேக்கணுங்க. நிர்வாக விஷயம்."

ஹெட்கிளார்க் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். மேலாளராக வந்து உட்கார்ந்ததற்கு இன்றைக்குத்தான் பலன்.

"சொல்லு."

"நம்மகிட்ட வேலை பாக்குற ஒருத்தரால வார்டனம்மாவுக்குக் கோவம். வர்றவங்களை வேலையைச் சொல்ல விடாம, ஏதாவது பேசிப் பேசியே விரட்டுறாங்களாம். அவங்க இருந்தா ஆர்டர் கெடையாதுன்னுட்டாங்க."

அவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. வேலை பார்ப்பது மொத்தமே மூன்று பேர். அவள் மெஷினை விட்டு அசைவதில்லை. அவர் மேலாளர். மிச்சம் யார்? ஐஸ் வண்டி!

"எனக்கு அப்பவே தெரியும். நிறுத்திடு வேலையை விட்டே!"

"ஐயோ, பாவங்க. ரொம்ப வருஷத்துப் பழக்கம். மனசு கேக்கலை."

"பழக்கம் வேற, நிர்வாகம் வேற."

"வாசப்பக்கம் வராம உள்ள ஏதாவது வேலை குடுத்தா போதாதுங்களா?"

"அப்போ மாற்றல். உள்ள என்ன வேலை இருக்கு?"

"சமையல்கட்டுலதான் மலையா குவிஞ்சு கெடக்கே. இந்த ஆர்டர் வந்துட்டா நான் அங்க நிக்கக்கூட நேரமிருக்காது."

"சமையலறைப் பிரிவு. சரி, உத்தரவு எழுதிட்டு வா. நான் பாத்துத் தர்றேன்."

அவள் எழுதிக் கொண்டுவந்ததைப் பார்த்து ஹெட்கிளார்க்குக்குச் சிரிப்பு வந்தது. 'தயவுசெய்து, உங்களுக்கு வசதிப்பட்டால், ஒரு வாரத்துக்கு மட்டும் சமையலறையைப் பார்த்துக்கொள்ளவும். தவறாக நினைக்க வேண்டாம்.'

"இது உத்தரவா, கல்யாணப் பத்திரிகையா?"

சிவப்பு மைப் பேனாவைத் திறந்தார். முப்பத்திரண்டு வருஷத் திறமையும் விரலுக்கு இறங்கியது. 'தயவுசெய்து' போனது. 'வசதிப்பட்டால்' இருந்த இடத்தில் 'உடனடியாக' வந்தது. 'ஒரு வாரத்துக்கு மட்டும்' என்பதை இரண்டு கோடு போட்டு அடித்துவிட்டு, 'மறு உத்தரவு வரும் வரை' என்று போட்டார். அதோடு விட்டாரா? 'முன்னறையில் கால் வைப்பதோ, எட்டிப் பார்ப்பதோ, வாடிக்கையாளரிடம் வாய் திறப்பதோ அறவே கூடாது' என்று ஒரு வரி. 'இதன்மீது எவ்வித முறையீடும் ஏற்கப்பட மாட்டாது' என்று இன்னொரு வரி.

"ரொம்பக் கடுமையா இருக்குதேங்க" என்றாள் அவள்.

"இந்த மாதிரி ஆளுங்களுக்கு இப்படித்தான் எழுதணும்."

"மனசு உடைஞ்சு போயிட்டா?"

"ஒட்டவெச்சுக்கட்டும்."

"கோவிச்சுக்கிட்டுச் சாப்பிடாம இருந்துட்டா?"

"ஒரு வேளை பட்டினி கெடந்தா புத்தி வரும்."

"நீங்களே சொன்னா சரிதாங்க."

பேனாவை மேல் வரிக்குக் கொண்டுபோனார். "பேரு?"

"அதை மட்டும் நான் எழுதிக்கிறேங்க. உங்க கையால எழுதினா அப்புறம் உங்களுக்கே சங்கடமா இருக்கும்."

நல்ல யோசனை என்று பட்டது. அலுவலகத்திலும் அப்படித்தான். வாசகம் இவருடையது, பேரைப் பிறகு டைப்பிஸ்ட் போட்டுக்கொள்வாள். யார் எங்கே போய் விழுந்தார்கள் என்று இவர் பார்த்ததே கிடையாது. சுழித்து ஒரு கையெழுத்துப் போட்டார். முத்திரையை ஊதாத் திண்டில் அழுத்தி எடுத்து, ஓங்கி ஒரு குத்துக் குத்தினார்.

திங்கட்கிழமை காலை குளித்து, இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு ஒன்பதே முக்காலுக்கு இருக்கைக்கு வந்தார். வார்டனை இன்று பக்குவமாக வரவேற்று, ஏழாவது படிவத்திலிருந்து தொடரச் சொல்ல வேண்டும். மேஜைமேல் ஓர் உறை இருந்தது. பிரித்துக் கடைசி வரியிலிருந்து மேலே படித்துக்கொண்டு போனார். பெரிய ஃபைல்களை அப்படித்தான் படிப்பது அவர் வழக்கம். எவ்வித முறையீடும். அறவே கூடாது. மறு உத்தரவு வரும் வரை. என்ன நடை, என்ன கம்பீரம் என்று மனசுக்குள் தன் முதுகையே தட்டிக்கொடுத்துக்கொண்டு முதல் வரிக்கு வந்து சேர்ந்தார்.

'பெறுநர்: மேலாளர்.'

இன்னொரு தரம் படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தார். மேலாளர் மேலாளராகவே இருந்தார்.

"இது... இது செல்லாது!"

"உங்க கையெழுத்துங்க" என்றாள் மனைவி. "முத்திரையும் நீங்க வெச்சதுதான்."

"நான் அந்தம்மாவை நெனச்சு எழுதினேன்!"

"மனசுல நெனச்சதுக்கெல்லாம் எழுத்துல ஆதாரம் வேணுமில்லீங்களா?"

"நான் முறையீடு பண்ணுவேன்."

அவள் கடைசி வரியை விரலால் காட்டினாள். வாசலுக்கு வெளியே ஆட்டோ வந்து நிற்கும் சத்தம். அவள் தெருவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி தெருவைப் பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது.

"ஒரு வருஷமா காத்துக்கிட்டிருக்கேங்க."

சும்மா சொல்லக் கூடாது, ஹெட்கிளார்க் கெட்டவர் அல்ல. அந்தக் குரலைக் கேட்டதும் அவருக்கு நெஞ்சை என்னவோ செய்தது. தவிர, முத்திரை குத்திய உத்தரவை அவர் ஒருநாளும் மீறியதில்லை. பலகையையும் மணியையும் அணைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சமையலறைக்கு நடந்தார். எதிரே வந்த எதிர்வீட்டு அக்கா ஒதுங்கி வழிவிட்டார். "உருளைக்கிழங்கு கூடைக்கு அடியில இருக்கு சார்" என்று மட்டும் சொன்னார்.

சமையலறையிலிருந்து எல்லாம் கேட்டது. இஞ்சு டேப் சரசரவென்று இழுபடும் ஓசை. வார்டன் சிரித்தார். அப்படிச் சிரிக்கக்கூடிய மனுஷி என்று அவர் நினைக்கவே இல்லை. ஐந்து நிமிஷத்தில் ஜன்னல் அறுபத்து நாலும் நோட்டில் ஏறிவிட்டன. "மூணு மாடிக்கும் நீங்களே தைச்சுடுங்க. அடுத்த மாசம் எங்க இன்னொரு விடுதிக்கும் அளவெடுக்கணும்" என்றது வார்டனின் குரல். கேட்டுக்கொண்டே நின்றதில் பால் பொங்கி அடுப்பு முழுக்க வழிந்தது. அதைத் துடைக்கும்போதும் அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டாவது உருளைக்கிழங்கைச் சீவுகையில் அந்தச் சந்தோஷம் குறைய ஆரம்பித்தது. விரல் வெட்டுப்பட்டதும் முழுசாகப் போய்விட்டது.

ஆட்டோ கிளம்பிப் போன பிறகு முன்னறை வாசல்படி வரை வந்தார். கால்விரல் உள்ளே படாமல் கவனமாக நின்றார்.

"கெடச்சுடுச்சா?"

"கெடச்சுடுச்சுங்க!" அவள் முகம் பூத்துக் கிடந்தது.

"ரொம்ப சந்தோஷம். நெஜமாத்தான் சொல்றேன். அப்போ காரியம் முடிஞ்சுது. நான் என் எடத்துக்கு வரலாமில்ல?"

"வரலாங்க. மறு உத்தரவு வந்ததும் வரலாம்."

"அதான், அந்த மறு உத்தரவை எப்பப் போடுறதா உத்தேசம்?"

அவள் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே நிமிர்ந்தாள்.

"நான் எப்படிங்க போட முடியும்? அதைப் போடுற அதிகாரியைத்தான் சமையல்கட்டுக்கு மாத்திட்டாங்களே."