கழுத்தறுப்பு எச்சரிக்கை

முதலுதவிப் பெட்டியோடு ஓடி வந்த மேலாளர் ராஜ்கமல், கார்குழலியின் கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்தார்.

"ரத்தம் எங்கம்மா?"

"எந்த ரத்தம் சார்?"

அவர் கைபேசியைக் காட்டினார். 'எச்சரிக்கை: ஊழியர் கார்குழலியின் கழுத்து அறுக்கப்பட்டது.'

புதுச்சேரி உழவர்கரையில் மிக்ஸி, கிரைண்டர் புகார்களைப் போனில் கேட்டுக்கொள்ளும் அலுவலகம் அது. ஊழியர்கள் பேசுவதையெல்லாம் ஒட்டுக்கேட்டு, ஆபத்து என்றால் அலறுவதற்கு, எல்லோரும் 'முசியே' என்று அழைக்கும் முதலாளி பெர்னார் போன வாரம்தான் செயற்கை நுண்ணறிவு கொண்டுவந்திருந்தார். "பிரான்சுல இருந்து நேரா வந்தது" என்று பார்த்தவரிடமெல்லாம் பெருமையடித்தார். மூன்று எச்சரிக்கை வாங்கினால் வேலை கிடையாது என்று சட்டமும் போட்டார். கார்குழலிக்கோ அந்த வாரம்தான் வேலை நிரந்தரமாக வேண்டும்.

"சார், ஒரு மிக்ஸி கஸ்டமர் சொன்னதையே சொல்லிட்டிருந்தாரு. கழுத்தை அறுத்துட்டாருன்னு மேனகாகிட்ட சொன்னேன். அவ்ளோதான்."

"எனக்குப் புரியுது. மிஷின் சொன்னா செய்யணும்னு ஆர்டர். பார்த்துப் பேசும்மா."

"சரி சார். இனிமே வாயைக் கட்டிப்போட்டுடறேன்."

சற்று நேரத்தில் கைபேசி மறுபடி கத்தியது. 'எச்சரிக்கை: வாயைக் கட்டிக் கடத்தத் திட்டம்.'

இன்னும் ஒன்று வந்தால் வேலை போச்சு. கார்குழலி வம்பே வேண்டாம் என்று சுத்தத் தமிழுக்கு மாறினாள்.

"வணக்கம். தங்கள் அரவை இயந்திரத்தின் குறை யாது?"

"ரெக்கார்டிங் போட்டு வச்சிருக்கானுங்க. ஆளே இல்ல" என்று வாடிக்கையாளர்கள் வரிசையாகப் போனை வைத்தார்கள்.

பதிவான புகார் ஒன்றுகூட இல்லை என்று ராஜ்கமல் வந்து கத்தினார். பக்கத்து இருக்கை மேனகாவுக்குப் பொறுக்கவில்லை.

"பாவம் சார் அவ. அவளைப் போட்டு ஏன் வறுத்தெடுக்கறீங்க?"

'எச்சரிக்கை: கார்குழலி வறுக்கப்படுகிறார்.'

"ஆர்டர்ம்மா, தப்பா நினைக்காத" என்று சொல்லிவிட்டு, ராஜ்கமல் தீயணைப்பானைத் திறந்து அவள்மேல் அடித்தார். மேசை, நாற்காலி, மேனகாவின் தயிர்சாதம் எல்லாம் நுரை. எச்சரிக்கை கார்குழலியின் கணக்கில் ஏறியது. அது மூன்றாவது.

மறுநாள் பெர்னாரே விசாரணைக்கு உட்கார்ந்தார்.

கார்குழலி மிக்ஸிக்காரரின் கதையை அவர் சொன்னபடியே முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். ஜார் மூடி, வாஷர், பிளேடு, அதை வாங்கிக் கொடுத்த மச்சான் என்று ஒன்றையும் விடவில்லை. சாப்பாட்டு வேளை தாண்டியது. பெர்னார் நாற்காலியில் நெளிந்தார்.

"சீக்கிரம் முடிம்மா. பசியில உயிர் போவுது."

கார்குழலி உடனே கதையை நிறுத்திவிட்டாள். சேலையைச் சரிசெய்துகொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. இரண்டு பேர் பெர்னாரை அலாக்காகத் தூக்கி ஸ்ட்ரெச்சரில் கிடத்தி, வாரைப் போட்டு இறுக்கினார்கள்.

"யோவ், விடுங்கய்யா. சும்மா பேச்சுக்குச் சொன்னேன்."

"நானும் அதைத்தான் சொன்னேன் முசியே" என்றாள் கார்குழலி.

"மிஷின் சொன்னா செய்யணும் முசியே" என்று ராஜ்கமல் கால் பக்கம் பிடித்துக்கொடுத்தார்.

வாசல்படி வந்ததும் பெர்னார் இறங்கிவந்தார், ஸ்ட்ரெச்சரிலிருந்து அல்ல. "மூணு எச்சரிக்கையும் கேன்சல். உன் வேலை நிரந்தரம், போதுமா? மிஷினுக்குத் தமிழ் சொல்லிக்குடுக்கறதும் நீதான். மாடிக்குப் போ. ஆனா வெளியில யார்கிட்டயும் மூச்சு விடாத."

கைபேசி கத்தியது. 'எச்சரிக்கை: ஊழியர் மூச்சுவிடத் தடை.' ஆம்புலன்ஸ்காரர்கள் ஆக்சிஜனோடு கார்குழலியை நோக்கித் திரும்பினார்கள். அலுவலகமே எழுந்து கைதட்டியது. பெண்கள் மேசையைத் தட்டினார்கள். மேனகா விசிலே அடித்துவிட்டாள்.

வாத்தியாரம்மா கம்பீரமாக மாடியேறினாள். பூட்டியே கிடக்கும் அறைக்கதவைத் தட்டினாள். காதில் ஹெட்போனும் மடியில் தடித்த அகராதியுமாக ஓர் இளம்பெண் திறந்தாள். பாரிசிலேயே பிறந்து வளர்ந்த, முதலாளியின் அண்ணன் மகள் மொர்கான்.

"வணக்கம் அக்கா. அமருங்கள்."

"மிஷினுக்குப் பாடம் எடுக்க வந்தேம்மா. எங்க அது?"

மொர்கான் அகராதியை மூடிவிட்டுச் சொன்னாள்:

"இயந்திரம் இன்னும் வாங்கவில்லை, அக்கா. அதுவரை நான்தான்."