ஸ்டெம்செல்லுக்கு ஒரு வட்டை விதானை

கல்முனைக் கரையில் கடலுக்குப் பயப்படாத ஆள் இருந்தாலும் இருக்கலாம். வட்டை விதானையாருக்குப் பயப்படாத அதிகாரி ஒருத்தரும் இருந்ததில்லை. சம்மாந்துறை வயலில் யாருக்கு எப்போது தண்ணீர் என்று தீர்ப்பது அவர் வேலை. அரசாங்கக் கூட்டங்களில் மைக்கைத் தூக்கிக்கொண்டு ஓடுவது என் வேலை. "அந்தாளிட்ட மட்டும் மைக்கக் குடுத்திராதடா" என்பது என் மேலதிகாரியின் நிரந்தரக் கட்டளை.

சுனாமிக்குப் பிறகு உதவிக்கு வந்தவர்கள், என்ன வேணும் என்று கேட்டார்கள். சனம் வீடு கேட்டது, தோணி கேட்டது. விதானையார் எழும்பினார்.

"அரசாங்கக் காசில ஸ்டெம்செல் ஆராய்ச்சி வேணும்."

அவர்கள் யோசித்துவிட்டு ஒரு பாய் கொடுத்தார்கள். வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "சரி, ஆராய்ச்சி எப்ப?" என்றார்.

காரணம் அவர் மகள் சப்னா. தலசீமியா, மாதாமாதம் ரத்தம் ஏற்றினால்தான் உயிர். ஸ்டெம்செல் என்றால் உடம்புக்குள் இருக்கிற விதைநெல், அது சரியாக முளைத்தால் சுகமாகலாம் என்று ஒரு டொக்டர் விளங்கப்படுத்தியிருந்தார். விதைநெல் என்றதும் இவர் பிடித்துக்கொண்டார்.

யுத்தம் முடிந்ததும் அமைச்சர் ஒருவர் பாலம் தர வந்தார். நான் மைக்கை ஒளித்துவிட்டேன். வயலில் கத்திப் பழகிய தொண்டைக்கு மைக் எதற்கு?

"பாலம் போடுங்க, வேணாமெண்டல்ல. ஆராய்ச்சிக்கும் ஒதுக்குங்க. ஒதுக்கிட்டுப் போயிராதீங்க. நாங்க போகத்துக்கு முன்னால கூட்டம் வெச்சு, எல்லாரும் பாக்கத்தானே தண்ணி பிரிக்கிற? அதுக்கும் ஒரு வட்டை விதானை வெக்கணும். கடைசி வயல்காரனத்தான் வெக்கணும். தண்ணி வந்து சேர்ந்துதா எண்டு அவனுக்குத்தான் தெரியும்!"

அமைச்சர் தலையாட்டினார். பாலத்துக்கு என்று நினைக்கிறேன்.

பிறகு ஒருநாள் டை கட்டிய ஒருத்தர் வந்தார். ஸ்டெம்செல் ஊசி இலவசம், சப்னாவுக்குத்தான் முதல் ஊசி என்றார். ஊரே பூரித்தது. விதானையார் கேட்டார்:

"யாரு பாத்து உத்தரவு தந்த? புள்ளைக்கு ஒண்டு நடந்தா யாரு பதில் சொல்ற?"

வந்தவர் சிரித்தார்.

"அப்ப மடை திறக்க ஏலா. போயிட்டு வாங்க."

சப்னா அழுதாள். "வாப்பா, எனக்குச் சுகம் வேணாமா?"

"வேணும் மகள். அதுக்குத்தான் கேட்ட." எனக்கும் அவர்மேல் கோபம்தான். அடுத்த கிழமை டை கட்டியவரின் போனே வேலை செய்யவில்லை.

விதானையார் மவுத்தாகி, அடக்கமும் முடிந்த பிறகு வந்த முதல் கூட்டத்தில் மேலதிகாரி நிம்மதியாக எழும்பினார். "வேற கேள்வி இல்லத்தானே?"

கடைசி வரிசையில் சப்னா கையைத் தூக்கினாள். அதற்கு முன்னமே நான் மைக்கோடு பாதித் தூரம் போயிருந்தேன்.