ஈக்விட்டி சாரின் கிரைண்டர் வழக்கு

இந்தியாவில் சட்டம் படித்தவர்கள் லட்சக்கணக்கில் இருக்கலாம். அந்தச் சட்டத்தைச் சாம்பார் பரிமாறும் இடம் வரைக்கும் கொண்டுவந்தவர் ஒருவர்தான். எங்கள் மெஸ்ஸில் அவருக்குப் பெயர் ஈக்விட்டி சார். இத்தனைக்கும் அவர் சட்டமே படிக்காதவர்.

எழுபதுகளின் கடைசி அது. மதுரையிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு தில்லிக்கு வந்து, ஏதோ ஓர் அமைச்சகத்தில் குமாஸ்தாவாக ஒட்டிக்கொண்டிருந்தேன். கோல் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் பொன்னம்மாக்கா நடத்திய மெஸ்ஸில்தான் எனக்குச் சாப்பாடு. அக்கா திருநெல்வேலிப் பக்கம். கணவர் போன பிறகு ஊருக்குத் திரும்பாமல், நாற்பது மத்திய அரசு ஊழியர்களின் வயிற்றைப் பார்த்துக்கொண்டு தனியாளாக நின்றவர்.

ஈக்விட்டி சார் தஞ்சாவூர்க்காரர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஒரு பெரிய வக்கீலிடம் இருபத்தாறு வருஷமாக ஸ்டெனோ. அந்த வக்கீலிடம் வருகிறவர்கள் எல்லாம் சர்க்கரை ஆலை, சிமென்ட் கம்பெனி, கப்பல் ஏஜென்ட் வகையறா. அவர்களுடைய ஒப்பந்தத் தகராறுகளைச் சுருக்கெழுத்தில் எழுதி எழுதி, ஈக்விட்டி என்று கோர்ட்டில் சொல்லும் நியாயக் கோட்பாடுகள் அவ்வளவும் மனிதரின் ரத்தத்தில் ஏறிவிட்டன. ஜூன் மாத வெயிலில் தில்லியே ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அலையும்போது, அவர் மட்டும் வெள்ளைச் சட்டையும் கறுப்பு டையுமாக வருவார்.

“சட்டத்துக்கும் ஈக்விட்டிக்கும் என்ன சார் வித்தியாசம்?” என்று ஒருநாள் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன்.

“சட்டம் கண்ணாடியை மாட்டிண்டு பத்திரத்தைப் படிக்கும். ஈக்விட்டி கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு உம்ம மூஞ்சியைப் பார்க்கும். மூஞ்சியிலே திருட்டு முழி இருந்தா, போய்ட்டு வாரும்னுடும்.”

மெஸ்ஸில் எல்லாமே இந்தக் கோட்பாடுகளின்படிதான் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை பாயசத்துக்கு ஒரு மணிக்கு மேல் வந்தவனைப் பார்த்துத் தலையாட்டுவார். “தாமதிச்சவனுக்கு ஈக்விட்டி கிடையாது ஓய். மோர் சாப்பிடும்.” இரண்டாம் முறை சாம்பார் கேட்டால், “ஈக்விட்டி கேட்கிறவன் முதல்லே ஈக்விட்டி பண்ணணும். ரசப் பாத்திரத்தை உம்ம பக்கத்திலேயே குடிவச்சிருக்கீரே, அதை இப்படித் தள்ளும்” என்பார். ரயில்வே போர்டுக்காரர் ஒருவர் கூட்டில் உப்பில்லை என்று சத்தம் போட்டபோது, “நியாயம் கேட்டு வர்றவன் கை சுத்தமா இருக்கணும். எங்கே, இடது கையைக் காட்டும்” என்றார். இடது கையில், செய்தித்தாளுக்கு அடியில், கணக்கில் வராத இரண்டு அப்பளங்கள் இருந்தன. கூட்டைப் பற்றிய புகார் அங்கேயே தள்ளுபடி ஆனது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. சலூன் விவகாரத்தைத்தான் கோல் மார்க்கெட் வெகுநாள் மறக்கவில்லை.

சந்து முனை சலூனில் பாதி முடி வெட்டிக்கொண்டிருந்தபோது, ஈக்விட்டி சார் ரேடியோவின் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். சலூன்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. கத்தரியை வைத்துவிட்டு, “ஜாவ் பாபுஜி, நஹி காட்தா” என்று, வெட்ட மறுத்து, வெளியே அனுப்பிவிட்டார். இடது பக்கம் ராணுவம், வலது பக்கம் சாமியார் என்ற கோலத்தில் மெஸ்ஸுக்கு வந்து சேர்ந்தார் ஈக்விட்டி சார்.

“வேற கடைக்குப் போங்க சார்” என்றேன்.

“கூடாது. ஒப்பந்தம் இவனோட.”

“அப்போ இவனையே மிச்சத்தையும் வெட்டச் சொல்லுங்க.”

“அதுவும் கூடாது. ஒருத்தனைக் கழுத்தைப் பிடிச்சு வேலை வாங்க எந்தக் கோர்ட்டும் ஆர்டர் போடாது. ஆனா, எனக்கு வெட்ட வேண்டிய கத்தரி இன்னொருத்தன் தலையிலே ஏறக் கூடாதுன்னு தடை கேட்கலாம்.”

அந்தத் தடையை அவரே அமல்படுத்தினார். இரண்டு சாயங்காலம் சலூன் வாசலில் கைகட்டி நின்றார். வேறொன்றும் செய்யவில்லை. உள்ளே நுழைய வந்தவர்கள் எல்லோரும் அவர் தலையைப் பார்த்தார்கள். கடையின் பெயர்ப் பலகையைப் பார்த்தார்கள். வந்த வழியே போனார்கள். மூன்றாம் நாள் சலூன்காரர் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்துப்போய், மிச்சத்தை வெட்டி, தலைக்கு எண்ணெயும் தேய்த்து அனுப்பினார். ஈக்விட்டி சார் முழுக் கூலியையும் கொடுத்துவிட்டுத்தான் நாற்காலியை விட்டு இறங்கினார்.

இனி கிரைண்டருக்கு வருகிறேன்.

அந்தக் குளிர்காலத்தில் பொன்னம்மாக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. கட்டுப் பிரித்த பிறகும் ஆட்டுக்கல் குழவியைச் சுற்ற முடியவில்லை. காலையில் இட்லிக்குப் பதில் ரொட்டியும் ஜாமும் வந்தன. நாலு பேர் வேறு மெஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். இன்னும் பலர் போகலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

“இட்லி இல்லாத மெஸ்ஸுக்கு எவன் சார் வருவான்? மூடிட்டு அண்ணன் வீட்டுக்கே போயிருதேன்” என்றார் அக்கா.

கரோல்பாகில் மிஷின் கடை வைத்திருந்த லாலாஜி ஒருவர், கோயம்புத்தூரிலிருந்து கிரைண்டர் தருவித்துத் தருவதாகச் சொன்னார். அக்கா இரண்டு வளையலை விற்று அட்வான்ஸ் கொடுத்தார். மிஷின் வந்ததும் தகவல் சொல்ல ஒரு போன் நம்பர் வேண்டும் என்றார் லாலாஜி. மெஸ்ஸில் ஏது போன்? கூடப் போயிருந்த ஈக்விட்டி சார் நெஞ்சை நிமிர்த்தி, “என் ஆபீஸ் நம்பரை எழுதிக்கச் சொல்லுங்கோ. தகவல் ஒரு நிமிஷம் தாமதிக்காது” என்றார்.

மூன்று மாதம் ஆயிற்று. தகவல் வரவில்லை. நானும் அக்காவும் பஸ் ஏறி நேரில் போனோம். கடையின் பின்புறக் கிடங்கில் எங்கள் கிரைண்டர் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. ஆனால் அதன் மேல் சாணக்யபுரியில் புதிதாகத் திறக்கப்போகும் ஓர் ஓட்டலின் பெயர் ஒட்டியிருந்தது.

“போன் செய்தேனே. ஏழு நாளில் எடுத்துப் போங்கள் என்றேன். ஒன்பது நாள் காத்திருந்தேன். யாரும் வரவில்லை, ஓட்டல்காரருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன்” என்று இந்தியில் சொன்ன லாலாஜி, அட்வான்ஸையும் அதற்கு மேல் இருநூறு ரூபாயையும் எடுத்து நீட்டினார்.

“போன் நஹி ஆயா லாலாஜி! ஜூட் மத் போலோ!” பொய் சொல்லாதே என்று அதட்டிய அக்காவின் இந்தி அன்றைக்குத்தான் அவ்வளவு சுத்தமாக இருந்தது. பணத்தைத் தொடவில்லை.

சேதி கேட்ட ஈக்விட்டி சார் சாப்பாட்டிலிருந்து எழுந்துவிட்டார்.

“பணமா? பணம் எப்போ போதும்? கடைவீதிக்குப் போய் அதே சாமானை வாங்க முடியும்னா போதும். இந்தத் தில்லியிலே இன்னொரு கிரைண்டரைக் காட்டச் சொல்லும், பார்ப்போம்! பேசின பொருளையே கொடுன்னு கோர்ட் உத்தரவு போட இடமிருக்கு ஓய். கொடுக்கிற வரைக்கும் அந்த மிஷின் கிடங்கை விட்டு நகரக் கூடாது!”

மறுநாள் வக்கீலின் முன்னால் போய் நின்றார். இருபத்தாறு வருஷத்தில் அவர் கேட்ட முதல் உதவி அதுதான். வக்கீல் சிரிக்கவில்லையாம். சிமென்ட் கம்பெனியை ஒத்திவைத்துவிட்டு, கிரைண்டருக்குத் தானே ஆஜராவதாகச் சொல்லிவிட்டார்.

தீஸ் ஹஸாரி கோர்ட்டில் முதல் நாள் நீதிபதி கேட்டார்: மிக்ஸிதான் எங்கும் கிடைக்கிறதே, அதில் அரைத்தால் என்ன? சமையலறைப் பக்கமே போயிராத வக்கீல் திரும்பிப் பார்த்தார். பின்னாலிருந்து ஈக்விட்டி சார் ஒரு சீட்டை நீட்டினார். வக்கீல் அதைக் கம்பீரமான ஆங்கிலத்தில் படித்தார். மிக்ஸியில் அரைத்தால் மாவு சூடாகும்; சூடான மாவு பொங்காது; பொங்காத மாவில் இட்லி வராது; இட்லி வராவிட்டால் நாற்பது மத்திய அரசு ஊழியர்கள் அரை வயிற்றோடு கோப்புகளில் கையெழுத்துப் போடுவார்கள்; தேசத்துக்கு அது நல்லதல்ல.

நீதிபதி மீசைக்குள் சிரித்தார். அடுத்த வாய்தா வரை மிஷினை அசைக்கக் கூடாது என்று உத்தரவு கிடைத்தது. அன்று மெஸ்ஸில் கேசரி.

அடுத்த வாய்தாவுக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. ஈக்விட்டி சார் பாயசத்தைத் தொடவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பழைய சுருக்கெழுத்து நோட்டு ஒன்றை விரித்துக் காட்டினார். பக்கம் முழுக்கக் கொடுக்காப்புளி மாதிரி சுழி சுழியாக இருந்தது.

“என்ன சார் இது?”

விரலை வைத்து மெதுவாகப் படித்தார். “‘சர்க்கரை ஆலையின் இரண்டாவது கொதிகலன், ஒப்பந்தத்தில் கண்டபடி, மிஷின் ஆகயா, சாத் தின் மே லே ஜாயியே, நீராவி அழுத்தம் தாங்காமல்...’”

கொதிகலனுக்கு நடுவில் ‘மிஷின் வந்துவிட்டது, ஏழு நாளில் எடுத்துப் போங்கள்’ என்று லாலாஜியின் இந்தி. எனக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. டிக்டேஷன் எடுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்திருக்கிறது. ஒரு காதால் லாலாஜியையும் மறு காதால் வக்கீலையும் கேட்டு, இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுதிவிட்டு, மனிதர் அதை அடியோடு மறந்துவிட்டார். போன் வரவே இல்லை என்று அக்காவின் பெயரில் பிரமாணப் பத்திரம் டைப் அடித்ததும் அவரே.

“சார், இந்த எழுத்தை உங்களைத் தவிர யாராலயும் படிக்க முடியாது. பக்கத்தைக் கிழிச்சிருங்க” என்றேன்.

“நான் படிச்சுட்டேனே ஓய்.”

நேராகச் சமையலறைக்குப் போனார். விஷயத்தைக் கேட்டதும் அக்கா கரண்டியைக் கீழே போட்டுவிட்டார்.

“சத்தியமா போன் வரலைன்னு என்னைக் கையெழுத்துப் போட வச்சீயளே சார்!”

“அதனாலேதான் நாளைக்கு நானே சொல்லப் போறேன்.”

“சொன்னா மிஷின் போயிருமா?”

“போயிடும்.”

“சொல்லாட்டா?”

“மிஷின் வரும். அப்புறம் இந்தப் பந்தியிலே நான் உட்கார முடியாது.”

அக்கா கீழே கிடந்த கரண்டியை எடுத்துக் கழுவினார். பிறகு முகத்தைத் திருப்பாமலே சொன்னார்: “போய்ச் சொல்லுங்க. மிஷின் இல்லாம எப்படியாவது சமாளிச்சிக்கிடலாம். பிந்தி வர்றவனை வையுததுக்கு எனக்கு வேற ஆளு கிடையாதுல்லா.”

மறுநாள் இதைக் கேட்டு வக்கீலின் முகம் சிவந்தது. ஆனாலும் அவரே எழுந்து நீதிபதியிடம் விஷயத்தைச் சொன்னார். ஈக்விட்டி சார் கூண்டில் ஏறி, கொதிகலனையும் சேர்த்து அந்த வாக்கியத்தை உரக்கப் படித்தார். கோர்ட்டே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. நோட்டை மூடினார். “தாமதம் என்னுடையது. இந்த அம்மாளுக்கு ஒன்றும் தெரியாது” என்றார். ஒன்பது நாள் காத்திருந்த வியாபாரியைக் குற்றம் சொல்ல முடியாது என்று நீதிபதி தடையை நீக்கிவிட்டார். அந்தப் பிரமாணப் பத்திரத்துக்காக அக்காவை ஒரு வார்த்தைகூடக் கடிந்துகொள்ளவில்லை.

வெளியே வராந்தாவில் லாலாஜி ஈக்விட்டி சாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “பாபுஜி, தனக்கு எதிராகத் தானே கோர்ட்டுக்கு வந்த ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. ஓட்டல்காரருக்குக் கொடுத்த வாக்கை மாற்ற முடியாது. ஆனால் இரண்டு மாதத்தில் அடுத்த மிஷின் வருகிறது. அது பஹன்ஜிக்குத்தான்” என்று அக்காவைக் காட்டினார். எழுதித் தரட்டுமா என்றும் கேட்டார்.

“எழுத்து வேண்டாம். வார்த்தை போதும். ஆனா போன் நம்பரை மட்டும் மாத்திக்கச் சொல்லும். பால் பூத் நம்பர் கொடுக்கிறேன்” என்று என்னிடம் சொன்னார் ஈக்விட்டி சார்.

மறுநாள் விடியற்காலை ஆட்டுக்கல் கடகடக்கும் சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தோம். வேஷ்டியும் பனியனுமாக, நெற்றி வியர்வை மாவில் விழாமல் இருக்கத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, குழவியோடு மல்லாடிக்கொண்டிருந்தார் ஈக்விட்டி சார். பக்கத்தில் அக்கா, “தண்ணி தெளிங்க சார், தண்ணி தெளிங்க! உளுந்தா அது, சரளைக் கல்லா?” என்று அதட்டிக்கொண்டிருந்தார். இரண்டு மாதமும், ஒரு நாள் விடாமல், ஆபீஸுக்குப் போகுமுன் அவரே அரைத்தார். நாங்கள் மாற்றிவிடப் போனால், “இது என் பொறுப்பு ஓய், உமக்கு இதிலே பாத்தியதை இல்லை” என்று விரட்டிவிடுவார்.

பிறகு லாலாஜி சொன்னபடியே கிரைண்டர் வந்தது. இட்லி மறுபடி பூவானது. அதுவரை ஈக்விட்டி சாரின் கைவண்ணத்தில் வந்த இட்லிகளை என்னவென்று சொல்ல? எங்கள் செக்‌ஷனில் காற்றில் பறக்கும் காகிதங்களின் மேல் வைக்கலாம். இந்தியா கேட்டுக்குக் கல் குறைந்தால் அனுப்பலாம். ஆனால் அவற்றைத் தின்ற அந்த இரண்டு மாதத்தில் மெஸ்ஸை விட்டு ஒருவர்கூடப் போகவில்லை. ஏற்கெனவே போயிருந்த நாலு பேரும், ஒருவர் பின் ஒருவராக, திரும்பி வந்து பந்தியில் உட்கார்ந்தார்கள்.