பின்பக்க நசுங்கலின் அகலம் கேட்டு மச்சானுக்கு

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம். அங்கும் அப்படியே இருப்பீர்கள் என்று உங்கள் தங்கை நம்புகிறாள். இது சமாதானக் கடிதம் அல்ல. டெப்போவில் நான் ரிவர்ஸ் எடுத்தபோது கண்டக்டரான நீங்கள் விசில் ஊதாததால்தான் பஸ் தூணில் இடித்தது என்று விசாரணையில் நான் சொன்னதும், உங்களுக்கு மெமோ வந்ததும், பதினோரு வருஷமாக நீங்கள் என் வீட்டு வாசலை மிதிக்காததும் பழைய கதை. எனக்கு வேண்டியது ஒரு தகவல் மட்டும். பின்பக்க வலது மூலையில் விழுந்த அந்த நசுங்கல் எவ்வளவு அகலம்?

மகள் நம் பழைய பஸ்ஸைப் போலவே ஒரு மாதிரி பஸ் அனுப்பியிருக்கிறாள். முழங்கை நீளம், துண்டு துண்டாகப் பெட்டியில் வந்தது. ஒட்டி, பெயின்ட் அடித்து, மேலே நிறமில்லாத வார்னிஷ் அடித்து, பிறகு துருவும் சேறும் பூசிப் பழசாக்க வேண்டுமாம். நாம் இருவரும் இருபத்தாறு வருஷம் செய்த வேலைதான், இப்போது பிரஷ்ஷால் செய்யச் சொல்கிறார்கள். ஈரக் காற்றில் வார்னிஷ் அடிக்கக் கூடாது என்று டப்பாவில் போட்டிருந்ததை அடித்து முடித்த பிறகுதான் படித்தேன், வெளியே மழை, ஜன்னலையெல்லாம் முன்னாடியே ஒட்டித் தொலைச்சிருந்தேன், அத்தனையும் பால் மாதிரி வெளுத்துப்போச்சு. "பஸ்ஸுக்குக் கண்புரை, டாக்டர்கிட்ட காட்டுங்க"ன்னா உங்க தங்கை. அடுத்தது சேறு. பழுப்பு பெயின்ட்டைத் தண்ணியா கரைச்சு, டூத் பிரஷ்ல தொட்டு, விரலால தெறிக்க விடணும். தெறிச்சுது. காலண்டர்ல ஒரு மாசம் முழுக்கச் சேறு, பஸ் மேல நாலு சொட்டு. அது யார் டூத் பிரஷ்னு மறுநாள் காலையில தெரிஞ்சுது, அன்னைக்கு வீட்ல எனக்குச் சாப்பாடு இருந்துது, பேச்சு இல்லை. துருவுக்காக வாசல் கேட்டைச் சுரண்டினேன், கீல் கழன்று வந்துடுச்சு, இப்ப கேட்டைத் திறக்கிறவங்க அதைக் கையிலேயே பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க.

பாக்கி அந்த நசுங்கல்தான். ஸ்பூனைச் சூடு காட்டி அழுத்தினால் போதும். அகலத்தை மட்டும் ஒரு கார்டில் எழுதுங்கள். வேறெதுவும் எழுத வேண்டாம்.

உங்கள் வீட்டு அக்காவின் முட்டிவலி சீக்கிரம் குணமாகட்டும். உங்களுக்கும் பொதுவாக நல்லதே நடக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். மாவு டப்பாவைத் தூணாகவும் உப்பு டப்பாவை நீங்களாகவும் வைத்து, அன்று போலவே மேஜையில் பஸ்ஸைப் பின்னால் எடுத்துப் பார்த்தேன். ஒன்பது தடவை. உப்பு டப்பா உயரத்துக்குக் குனிந்து பார்த்தால் தூணே தெரியவில்லை, பஸ் மறைக்கிறது. டிரைவர் சீட் பக்கம் கன்னத்தை வைத்தால் தூண் நன்றாகத் தெரிகிறது. இடது பக்கம் சாக்கடை இருக்கு, அங்கே போய் நில்லுங்க மச்சான் என்று உங்களை அனுப்பியதும் நான்தான். விசாரணையில் இதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மெமோ எனக்கு வந்திருக்கும். நீங்கள் சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது.

உங்கள் தங்கை ஒன்பது தடவையும் நின்று பார்த்தாள். "இதையும் எழுதுங்க" என்று பேனாவைக் கொடுத்தாள். அகலம் வேண்டாம், நசுக்கிவிட்டேன். பஸ்ஸை அலமாரிக்குள் பின்பக்கமாக நிறுத்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். கேட்டை மட்டும் பார்த்துத் திறவுங்கள். நீங்கள் விசில் ஊதாமல் நான் ரிவர்ஸ் எடுப்பதாக இல்லை.